புதுப்பிப்பு: முன்பக்கத் துளையில் ஹெட்போன் ஒலிக்காத சிக்கல் தீர்ந்தது

பின்பக்கத்தில் ஸ்பீக்கர் ஒழுங்காக ஒலிக்கிறது, முன்பக்கத்தில் ஹெட்போனைச் செருகினால் கணினி கண்டுகொள்வதே இல்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். டிரைவரை (ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருளை) இருமுறை நீக்கி நிறுவியது (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று) வீண்வேலை. கோளாறு மென்பொருளில் இல்லை. கேபினட்டைத் திறந்தபோது, முன்பக்கக் கேபிளின் நுனியில் ‘ஏசி97’, ‘எச்டி ஆடியோ’ என இரு ஒலி முறைகளுக்கான இரண்டு இணைப்பான்கள் இருந்ததும், மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) முதலாவது செருகப்பட்டிருந்ததும் தெரியவந்தன. 2004இல் இன்டெல் வெளியிட்ட எச்டி ஆடியோ முறையில் ஹெட்போன் செருகப்பட்டதை உணர்த்தத் தனிக் கம்பி உண்டு. 1997ஆம் ஆண்டின் பழைய ஏசி97 முறையில் அது கிடையாது என்பதால், ஹெட்போன் வந்ததே போர்டுக்குத் தெரியவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து இணைப்பானை மாற்றி, பயாஸிலும் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பு மென்பொருளிலும்) முன்பக்க வகையை எச்டி என்று அமைத்தபின் ஒலி தெளிவாக வருகிறது. மைக்கில் மட்டும் லேசான இரைச்சல் இன்னும் இருக்கிறது.