1919-ல் சோர்பியர்களுக்குத் தனிநாடு கிடைத்திருந்தால்?

கொருக்குப்பேட்டைக்காரன்:
வணக்கம். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் லுசாத்தியா என்று ஒரு பகுதி. அங்கே இருக்கும் சோர்பியர்கள் ஸ்லாவிய இனம், ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஜெர்மானியர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தும் தங்கள் மொழியை விடவில்லை. இன்றைக்குச் சுமார் 60,000 பேர், நம்ம ஆர்.கே.நகர் வாக்காளர்களில் பாதிகூட வராது. அவர்கள் மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று உண்டு, ‘நாம் இரண்டு பேர்’ என்பதற்கே தனிச் சொல், வினைச்சொல்லும் கூடவே மாறும். எனக்கு அதில்தான் மனசு போய் ஒட்டிக்கொண்டது.

1919-ல் சோர்பியத் தலைவர் ஆர்னோஷ்ட் பார்ட், செக்கோஸ்லோவாக்கியக் குழுவோடு, முதல் உலகப் போருக்குப் பிறகு நடந்த பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போய்த் தன் மக்களுக்காகக் கேட்டார். நடக்கவில்லை. திரும்பியதும் தேசத்துரோக வழக்கு, சிறை. சரி, கிடைத்திருந்தால்? லுசாத்தியாவின் பவுட்சன் நகரம் தலைநகர், ஒரு குட்டி நாடு. நிலைத்திருக்குமா?

மூலக்கொத்தளம் வாசகன்:
இருபது வருஷம் தாண்டியிருக்காது தம்பி. வரைபடத்தில் நாட்டு எல்லையை மட்டும் பார்க்காதீர்கள், யார் எந்த மொழி பேசினார்கள் என்று பாருங்கள். பவுட்சனுக்குத் தெற்கே மலையோரம் முழுக்க ஜெர்மன், அதைத் தாண்டி செக் பகுதியான பொகிமியாவுக்குள் போனாலும் அந்தப் பக்கமும் அன்றைக்கு ஜெர்மன் பேசியவர்கள்தான். செக் மக்களோடு ஒட்டிய நிலமே கிடையாது. 1938-ல் மியூனிக் ஒப்பந்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் அந்த மலைப்பகுதியையே ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவு பெரிய செக்கோஸ்லோவாக்கியாவே அடுத்த வருஷம் உடைந்தது, இந்தக் குட்டி நாடு எம்மாத்திரம்? நிஜத்தில் 1937-லேயே சோர்பியர்களின் டொமோவினா அமைப்பை முடக்கிவிட்டார்கள்.

எண்ணூர் முகத்துவாரம்:
அண்ணன் சொல்வது 1919-க்குச் சரி. 1945-ஐ யாரும் யோசிக்கவில்லையே? அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றிவிட்டுச் செக் மக்கள் குடியேறினார்கள், பிராக்கில் சோர்பியத் தேசியக் குழு ஒன்று செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர வேண்டும் என்று கேட்டது. அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த சோவியத் சம்மதிக்கவில்லை. 1948-ல் சாக்சனியில் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது, பள்ளி, பெயர்ப்பலகை எல்லாம் இரண்டு மொழியில். ஆனால் காலுக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. ருர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்கள் மேற்கு ஜெர்மனியில், நிலக்கரி நிறைந்த சிலேசியா போலந்துக்குப் போயாச்சு, கிழக்கு ஜெர்மனிக்குப் பழுப்பு நிலக்கரியை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை, அதில் பெரும்பங்கு லுசாத்தியாவில். கொஞ்சம் கொஞ்சமாக 130-க்கும் மேற்பட்ட ஊர்களைச் சுரங்கம் விழுங்கியது, அதில் எத்தனையோ சோர்பிய ஊர்கள். 1990-க்கு அப்புறமும் நிற்கவில்லை. ஹோர்னோ என்ற சோர்பியக் கிராமத்து மக்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2000-ல் தோற்றார்கள், ஊரே போய்விட்டது.

எனக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. எங்கள் எண்ணூர் ஆற்றில் ஆயா, இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கை விட்டு இறால் தடவுவார். இப்போது அங்கே இறங்கினால் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழம்புதான், முழங்கால் வரை சாம்பல் நிறத்தில் ஒட்டும், கழுவினாலும் லேசில் போகாது. ஆயாவுக்கு ஆற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பேர் தெரியும். எனக்கு நாலைந்துதான் தெரியும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அண்ணே, அந்த நாலைந்து பேரை இங்கே எழுதுங்கள்.