மலை அணைகளில் நங்கூரம்: பார்த்ததும் பட்டதும்

எமரால்டு பக்கம்

நீலகிரியில் குந்தா மின் திட்டத்து அணைகளில் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள், நங்கூரத்தோடு பட்ட அனுபவத்தை இங்கே எழுதுங்கள். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஜூலைக் கடைசி. துடுப்புப் போடும் பைபர் படகு, அதில் ஒரு மாமாவும் மருமகனும். எங்களுக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுக் கெண்டைக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு கொக்கி வைத்த மடக்கு நங்கூரம். காலையில் காற்றே இல்லை. தூண்டில் வீச வசதியாக இருக்கும் என்று கயிற்றைப் படகின் பின்பக்கத்தில் கட்டியிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மேல் காற்று இறங்கியது. இந்த மலையில் காற்று சொல்லிவிட்டு வராது, பள்ளத்தாக்கு வழியாக ஒரே வீச்சாக வந்துவிடும். படகின் பின்பக்கம் தட்டையாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும் அல்லவா? அலை நேராக அதில் மோதி உள்ளே விழுந்தது. சரி, நங்கூரத்தைத் தூக்கிவிடலாம் என்று மருமகன் இழுத்தார். நங்கூரம் வரவில்லை. இழுக்க இழுக்கப் படகின் பின்பக்கம்தான் தண்ணீருக்குள் இறங்கியது.

"இழுக்காதடா, விடு! கயித்த அறு!" என்று மாமா கத்தினார். கத்தியோ முன்பக்கம் இருந்த தூண்டில் பெட்டிக்குள். அவர் தவழ்ந்து போய் எடுத்து வந்து அறுக்கும்வரை எங்கள் எல்லோருக்கும் உயிர் கையில் இல்லை. நாங்கள் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படகுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர்.

அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் அடியில் இருக்கின்றன. அவற்றில் கொக்கி மாட்டினால் மேலிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது. அதற்கு ஒரு வழி உண்டு. கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் வரும் சங்கிலியை நங்கூரத்தின் தலை வளையத்தில் பூட்டாதீர்கள். கொக்கிகள் எல்லாம் சேரும் அடிப்பக்கத்தில் ஷேக்கிள், அதாவது ஆணி திருகும் U வடிவ இரும்பு வளையம், போட்டுப் பூட்டுங்கள். பிறகு சங்கிலியைத் தண்டை ஒட்டி மேலே கொண்டுவந்து, தலை வளையத்தோடு ஒரு கேபிள் டையால், அதாவது வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால், கட்டுங்கள். சாதாரணமாகப் படகு நிற்கும்போது இழுப்பு தலை வழியாகத்தான் போகும். மாட்டிக்கொண்டால், நங்கூரத்துக்கு நேர் மேலே படகைக் கொண்டுபோய்ப் பலமாக இழுங்கள். கேபிள் டை அறும், இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், கொக்கி வந்த வழியே பின்னால் கழன்று வரும். கேபிள் டை ரொம்பத் தடிமனாக இருந்தால் அறாது, மெல்லியதாக இருந்தால் காற்றிலேயே அறுந்துவிடும். கரையோரம் போட்டு இழுத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் இல்லாமல் இரவு முழுக்கப் படகை விட்டுவிட்டு வருவதற்கு இந்த முறை ஆகாது.

கத்தி இடுப்பில் இருக்கட்டும். பெட்டியில் வேண்டாம்.

குன்னூர், சொந்த ஊர் தூத்துக்குடி

அண்ணே, நல்ல வேளை அவர்கள் பிழைத்தார்கள். எங்கள் ஊரில் நங்கூரக் கயிற்றை அணியத்தில்தான் கட்டுவார்கள், அதாவது முன்பக்கத்தில். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், கட்டிக்கொண்டு நிற்க எந்தப் பெரியவரும் விட மாட்டார். முன்பக்கம் கூராகவும் உயரமாகவும் இருப்பதே அலையைப் பிளக்கத்தான். கடலுக்கு எப்படியோ, அணைக்கும் அப்படித்தான்.

இங்கே வந்த பிறகு நான் கவனித்த இன்னொன்று கயிற்றின் நீளம். ஆழம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் கயிறு விட்டு நிற்கிறார்கள். அப்படி விட்டால் நங்கூரம் வெறும் பாரமாகத் தொங்கும், மண்ணைப் பிடிக்காது. ஆழத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 5 மீட்டர் ஆழம் என்றால் 25 முதல் 35 மீட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் எவ்வளவு உயரமோ அதையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். நங்கூரத்தை ஒட்டி மூன்று, நான்கு மீட்டர் சங்கிலி இருந்தால் அதன் பாரத்தில் தண்டு தரையோடு படுத்துக் கொக்கி ஆழமாக இறங்கும். சங்கிலி பாறையில் உரசினாலும் கயிறு போலச் சீக்கிரம் தேயாது.

ஷேக்கிள் ஆணியைத் திருகி முடுக்கினால் மட்டும் போதாது. படகு ஆட ஆட அது தானாகக் கழன்றுவிடும். ஆணியின் காதில் கம்பி கோத்து, ஷேக்கிளோடு சுற்றி முறுக்கிவிடுங்கள். அப்பா இதைப் பார்க்காமல் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க மாட்டார்.

மன்னவனூர்

நான் பழனி மலைப் பக்கம். எங்கள் ஏரியில் பரிசல்தான். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது, எந்த விளிம்பில் கயிறு கட்டினாலும் அந்த விளிம்பு தாழும். கல்லைக் கட்டி இறக்கிவிட்டு நின்ற ஒரு பரிசலைப் பார்த்திருக்கிறேன். காற்று வந்ததும் அது சுற்ற, கயிறு உட்கார்ந்திருந்தவர் காலில் சுற்றிக்கொண்டது. ஆழம் குறைவான இடம் என்பதால் தப்பித்தார். பரிசலில் நங்கூரமே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. நிற்க வேண்டும் என்றால் கரைக்கு வாருங்கள்.

கால் விஷயம் படகுக்காரர்களுக்கும் உண்டு. நங்கூரத்தை வீசாதீர்கள். கயிறு ஒரு வாளிக்குள் சுருண்டு இருக்கட்டும், கையால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கயிறு ஓடும்போது யார் காலும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. மலைத் தண்ணீர் குளிருக்கு, விழுந்த உடனே மூச்சு வாரி இழுக்கும், அந்த நேரத்தில் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. ஸ்வெட்டருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். அதற்கும் மேலே மழைக்கோட்டு போட்டு மூடிக்கொள்ள வேண்டாம்.

அவலாஞ்சிக்காரன்

நம் அணைகளில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மின் நிலையம் ஓடினால் இறங்கும், மழை பெய்தால் ஏறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், சாதாரணத் தென்மேற்குப் பருவமழையிலேயே ஒரு படகு போனதைப் பார்த்தேன். முன்னால் நங்கூரம், பின்னால் கரையில் ஒரு சீகை மரம். இரண்டு கயிறும் விறைப்பாகக் கட்டியிருந்தது. இரவெல்லாம் மழை. தண்ணீர் ஏறியது, படகால் கூடவே ஏற முடியவில்லை. விடிந்து பார்த்தால் முன்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள். அந்த மனிதர் கரையில் நின்று பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை, குடும்பத்துக்கு அந்தப் படகுதான் வருமானம். பருவமழையில் படகை நங்கூரத்தை நம்பி விடாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டுக் கரைக்கு மேலே ஏற்றிக் கவிழ்த்து வையுங்கள்.

கயிறு எதை வாங்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நைலான் வாங்குங்கள். தண்ணீரில் மூழ்கும், இழுத்தால் நீண்டுகொடுக்கும், காற்றின் வெட்டு நங்கூரத்தில் அப்படியே விழாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், அடுத்த படகின் எஞ்சின் விசிறியில் சுற்றும். வெயிலும் அதற்கு ஆகாது. மேலே வர வர வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் நம் ஊரில் அது இன்னும் சீக்கிரம் இற்றுப்போகும்.

வாங்கியபின் பார்க்கும் விதம் இது. கயிற்றின் புரியை இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்கிப் பிரியுங்கள். உள்ளே புதுசு போல வெள்ளையாக இருந்தால் நல்லது. பொடி உதிர்ந்தாலோ, நரநரவென்று மண் பட்டாலோ, அந்த மண் உள்ளிருந்தே இழையை அறுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஈரக் கயிற்றைப் படகிலேயே போட்டுவிட்டு வந்தால் காலையில் கட்டையாக விறைத்திருக்கும், அதை வளைத்து முடிச்சுப் போட முயல வேண்டாம். வெயில் வந்து இளகட்டும். சங்கிலி சேரும் முனைதான் முதலில் தேயும். அந்த இடத்தில் ஒரு கை நீளம் வெட்டிவிட்டுப் புதிதாகப் பின்னிச் சேர்த்துக்கொள்ளலாம். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டியிருக்கிறீர்களா என்று இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.