சான் பிரான்சிஸ்கோ போன மறுநாளே மதியம் 3 மணிக்கு மீட்டிங், தூங்கி விழாம இருக்க வழி உண்டா?

மடிப்பாக்கம்_பயணி:
வணக்கம். ஜூன்ல ஆபீஸ் வேலையா சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போறேன். ஞாயிறு மதியம் இறங்கி, திங்கள் மதியம் 3 மணிக்கே கிளையண்ட் முன்னாடி பேசணும். போன தடவை நடுராத்திரி 2 மணிக்கு முழிச்சு விட்டத்தைப் பார்த்துட்டு இருந்தேன். மதியம் சாப்பிட்டதும் தலை தொங்கிடுச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே தூங்குற நேரத்தை மாத்தச் சொல்றாங்க. வீட்ல கைக்குழந்தை, அது நடக்காது. வேற வழி?

ராக்கோழி:
ராத்திரி ஒரு தூக்க மாத்திரை, மதியம் ரெண்டு ஸ்ட்ராங் காபி. அவ்ளோதான் ப்ரோ.

ஃப்ரீமாண்ட்வாசி:
மாத்திரை போட்டா தூக்கம் வரும், உடம்போட கடிகாரம் நகராது. ஜூன்ல வித்தியாசம் 12½ மணி நேரம். இங்க மதியம் 3 மணின்னா உங்க உடம்புக்கு விடிகாலை 3:30. உடம்புச் சூடு ரொம்பக் குறையுற நேரம் அது, காபி குடிச்சாலும் மண்டை ஓடாது. காலை 9 மணின்னா உங்களுக்கு ராத்திரி 9:30தான், தெம்பா பேசலாம். முதல்ல மீட்டிங்கைக் காலைக்கு மாத்தக் கேளுங்க.

அடுத்தது வெயில். உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி கண்ணுல படுற வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளும், அதாவது தூக்கம் லேட்டா வரும். அதுக்கு அப்புறம் படுறது முன்னாடி இழுக்கும். உங்களுக்குத் தள்ளுறதுதான் சுலபம். அதனால முதல் நாள் 3 மணி வரைக்கும் நல்லா வெளிய சுத்துங்க, அப்புறம் கூலிங் கிளாஸ். மறுநாள் அந்த எல்லையை ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கலாம். ஜூன்ல இங்க எட்டரைக்குத்தான் சூரியன் மறையும், கண்ணாடியை மறந்துடாதீங்க.

ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வரத்தான் செய்யும். உடம்புக்கு அது மதியம் 2:30, சாம்பார் சாதம் கேட்கும்! ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு லைட் போடாம படுத்திருங்க.

மடிப்பாக்கம்_பயணி:
தலைகீழா இருக்கே! மெயில் போட்டாச்சு, காலை 10:30க்கு ஒத்துக்கிட்டாங்க. மெலடோனின் (தூக்க ஹார்மோன் மாத்திரை) எடுக்கலாமா?

மருந்துக்கடை:
எடுக்கலாம். அங்கே சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கும். 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை, அந்த ஊர்ப் படுக்கை நேரத்தில். அளவைக் கூட்டினால் கூடுதல் பலன் பெரிதாக இருக்காது, சின்ன அளவிலேயே ஆரம்பியுங்கள். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தூக்க மாத்திரையை விமானத்தில் மதுவோடு சேர்க்கவே வேண்டாம், ராக்கோழி.

ராக்கோழி:
சரிங்க சார், வாயை மூடிக்கிறேன்.

மடிப்பாக்கம்_பயணி:
நன்றி சார். சாயங்காலம் ஆபீஸ் உள்ளேயும் கூலிங் கிளாஸ் போடணுமா? சிரிப்பாங்களே.

ஃப்ரீமாண்ட்வாசி:
வேணாம், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தா போதும். ஆபீஸ் லைட்டெல்லாம் வெயிலுக்குப் பக்கத்துல கூட வராது. ஆனா முதல் ரெண்டு நாள் வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டாதீங்க, டாக்ஸியே போதும்.