ஆக்சிஜனேற்ற அழுத்தமா, நெருக்கடியா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் வடிவங்கள் செல்லுக்குள் பெருகும் நிலையை (oxidative stress) குறிக்க ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது அதை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சென்ற வாரம் எண்ணூர்க் கழிமுகத்தில் மாணவர்களுக்கு உவர்நிலத்தில் வளரும் உமரிச் செடியையும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தையும் காட்டிக்கொண்டிருந்தேன். அழுத்தம் என்றதும் ஒரு சிறுமி, “செடியை எது அழுத்துகிறது?” என்று கேட்டாள். விளக்கப் புகுந்தால் அடுத்த வரியிலேயே சவ்வூடுபரவல் அழுத்தம் (osmotic pressure) என்ற உண்மையான அழுத்தம் வந்து நிற்கிறது. உவர்நிலச் செடியைப் பற்றிய பேச்சில் அதைத் தவிர்க்கவே முடியாது. stress என்பதற்கு இயற்பியலில் வழங்கும் ‘தகைவு’ம் உதவாது, அது பரப்பின் மீதான விசையைக் குறிப்பது.

நடப்பதைப் பாருங்கள். உவர் மண்ணில் நீரிழப்பைத் தடுக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது, வெயிலோ குறைவதில்லை. பசுங்கணிகத்தில் போக்கிடமற்ற எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள, சூப்பர்ஆக்சைடு பிறக்கிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இந்தச் செயலை 1969இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். பிறகு கேட்டலேசும், வைட்டமின் சி-யைத் துணைகொள்ளும் அஸ்கார்பேட் பெராக்சிடேசும் பெராக்சைடை நீராக்குகின்றன. பிறக்கும் வேகம் தணிக்கும் வேகத்தை மிஞ்சினால்தான் சவ்வின் கொழுப்பும் புரதமும் கெடும்.

நெல் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறது. உமரியோ சோடியத்தைச் செல்லின் நுண்குமிழுக்குள் (vacuole) பூட்டிவைக்கிறது. வெண்கண்டல் இலைச்சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளுகிறது. நொதிகளின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், கெட்டுப்போனதைக் குறிக்கக் கூடாது. நம் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘நலிவு’ அழகான சொல்தான், ஆனால் உமரி நலியவில்லையே! ‘ஆக்சிஜனேற்ற நெருக்கடி’ என்பது என் பரிந்துரை. நெருக்கடியைச் சமாளிக்கலாம், அதிலிருந்து மீளலாம். உவர் நெருக்கடி, வறட்சி நெருக்கடி என்று குடும்பமாகவும் விரியும். ‘ஏற்ற’ மட்டும் விடுபடக் கூடாது. ‘ஆக்சிஜன் நெருக்கடி’ என்றால், 2021இல் சிலிண்டருக்காக அலைந்தவர்களுக்கு அது முற்றிலும் வேறு பொருள் தரும்.

சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றுக்கு ‘நச்சு ஆக்சிஜன்’ வேண்டாம், ‘வினைமிகு ஆக்சிஜன்’ போதும் என்ற உங்கள் கருத்தை அப்படியே ஏற்கிறேன். சிறிய அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு செடிக்குள் செய்தியும் கடத்துகிறது. அதை நஞ்சென்று மட்டும் எழுதுவது பிழை.