புதுப்பிப்பு: தனியாகப் பதிந்த ஒலி படத்தை விட்டு விலகிய சிக்கல் தீர்ந்தது

கைபேசியில் படமும் தனி ரெக்கார்டரில் ஒலியும் பதிந்தபோது, தொடக்கத்தில் பொருந்தியிருந்த உரையாடல் பத்தாவது நிமிடத்தில் உதட்டசைவை விட்டு விலகிவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ரெக்கார்டரின் மாதிரி வீதத்தை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதை) 48 கிலோஹெர்ட்சுக்கு மாற்றிப் பார்த்தேன், விலகல் குறையவில்லை. கைபேசி மாறும் பிரேம் வீதத்தில், அதாவது நொடிக்கு இத்தனை படச்சட்டங்கள் என்ற சீரான கணக்கின்றி, பதிகிறதா என்று பார்க்கச் சொன்ன யோசனைதான் பலன் தந்தது. கோப்பை நொடிக்கு 25 பிரேம் என்ற நிலையான வீதத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டிங்கில் சேர்த்தேன். ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காக அடித்த கிளாப்புகள் (பலகையைத் தட்டி மூடும் சத்தம்) இரண்டும் இப்போது பொருந்துகின்றன.

நான் எதிர்பாராதது, கேமராவை ஏறத்தாழ 14 மீட்டர் தள்ளி வைத்த வைட் ஷாட்டில் மட்டும் ஒலி ஒரு பிரேம் பிந்தியதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டரே செல்வதால், கிளாப் சத்தம் கைபேசியின் மைக்கை அடைய ஏறக்குறைய 40 மில்லிநொடி, அதாவது ஒரு பிரேம் நேரம், பிடிக்கிறது. மென்பொருளோ அந்தத் தாமதமான ஒலியோடுதான் ரெக்கார்டரில் பதிந்த சட்டை மைக்கின் ஒலியைப் பொருத்தியிருந்தது. அலைவடிவத்தை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தை) வைத்து மென்பொருள் பொருத்துவதை விட்டுவிட்டு, கிளாப் பலகை மூடும் பிரேமைக் கண்ணால் பார்த்துக் கையால் பொருத்தியதும் அதுவும் சரியானது.