புதுப்பிப்பு: மழையில் நனைந்த தாளில் விரலடையாளம் கிடைத்தது

யாழ்ப்பாணத்து மாரி மழையில் நனைந்த பயிற்சிக் கொப்பித் தாள்களில் நின்ஹைட்ரின் (தாளிலுள்ள விரலடையாளங்களை வெளிக்காட்டும் வேதிப்பொருள்) எந்த விரலடையாளத்தையும் காட்டவில்லை என்று முன்னர் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. விரல் பதித்த தடத்தில் நின்ஹைட்ரினுடன் வினைபுரியும் அமினோ அமிலங்கள் நீரில் கரைந்துபோகும், கொழுப்போ தாளிலேயே தங்கும் என்று விளக்கி, அக்கொழுப்பின்மேல் வெள்ளியைப் படியச்செய்யும் பிசிக்கல் டெவலப்பர் என்னும் கரைசலைப் பரிந்துரைத்த அக்காவின் வழியே பலித்தது.

எதிர்பாராத விதமாக முதல் தாள் முழுவதும் கறுத்துவிட்டது. தாளில் நிரப்பியாக உள்ள கல்சியம் காபனேற்றை முதலில் மலேயிக் அமிலத்தால் நீக்கவேண்டும் என்பதை அவசரத்தில் தவிர்த்திருந்தேன் (பிழை முழுவதும் என்னுடையதே). குமிழிகள் அடங்கும்வரை அமிலத்தில் ஊறிய இரண்டாம் தாளின் மேலோரத்தில், பெருவிரலின் சுழி சாம்பல் நிறத்தில் எழுந்தது. வரிகள் கிளைபிரியும் இடங்களை எண்ணவும் முடிந்தது.

வெள்ளி படிந்தபின் நின்ஹைட்ரினுக்குத் திரும்ப இயலாது; ஆகவே நனையாத பகுதி இருக்கக்கூடுமெனில் நின்ஹைட்ரினையே முதலில் இடுங்கள்.