மடிக்கட்டி அறுவை: செவலைக்கு முன்னும் பின்னும் நாங்கள் பார்த்துக்கொண்டவை

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் வளரும் செவலை என்னும் நாட்டுப் பெண் நாய்க்கு, ஒன்பது வயதில், மடியின் பின்காம்பருகே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கருத்தடை செய்யப்படாத, வயது கூடிய பெண் நாய்களுக்கு மடிக்கட்டி பரவலாக வருவதுண்டு என்றும், அவற்றில் ஏறத்தாழப் பாதி புற்றுக்கட்டியாக இருக்கக்கூடும் என்றும் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விளக்கினார்கள்.

அன்றே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று எண்ணித்தான் முள்ளோடை தாண்டிப் போனோம். ஆனால், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று அறிய முதலில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அது தெளிவாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில்தான் சிக்கல் வந்தது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவுபவை) எழுபதாயிரத்துக்கு இறங்கியிருந்தன. காரணம், உண்ணி கடிப்பதால் வரும் உண்ணிக் காய்ச்சல். தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது கத்தி வைத்தால் இரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்து, மீண்டும் இரத்தம் பார்த்த பிறகே நாள் குறித்தார்கள். அந்த மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் சோற்றுக்குப் பிறகே கொடுத்தோம். நாயின் மேல் உள்ள உண்ணிக்கு மருந்திட்டால் மட்டும் போதாது. சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஒளிந்திருப்பவற்றையும் ஒழிக்க வேண்டியிருந்தது. வயதான நாய்க்கு அறுவை என்றால், செலவைப் பார்த்து இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அறுவைக்கு முந்தைய இரவு உணவுக்குப் பின் எதுவும் கொடுக்கக் கூடாது என்றும், காலையில் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். மயக்கத்தில் விழுங்கும் உணர்வு இல்லாததால், வயிற்றில் உள்ளது வாய்க்கு ஏறினால் நுரையீரலுக்குள் போய்விடும். (பட்டினி நேரம் விலங்குக்கு விலங்கு மாறும், முயலைப் பட்டினி போடவே கூடாது.) வீட்டில் எல்லோரும் கட்டுப்பாடாக இருந்தாலும், எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா தினமும் விடியற்காலையில் வாசலில் செவலைக்கு ஒரு சங்கரா மீன் தலையைப் போட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவார். “அக்கா, நாளைக்கு ஆபரேசன் இருக்கு, அதுக்கு எதுவும் போட்டுடாதீங்க” என்று என் அம்மா முந்தின நாளே சொல்லிவைத்தார். “பாவம்மா, வாயில்லா ஜீவன், பட்டினியாவா கூட்டிட்டுப் போவீங்க?” என்றார் அவர். அந்தப் பாவம் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. ஆகையால் செவலையை இரவே வீட்டுக்குள் கட்டிவைத்தோம்.

அறுவை முடிந்து வீடு திரும்பிய இரவில் செவலை ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. மயக்கம் தெளியும்போது ஏற்படும் குழப்பத்தாலும் நாய் அப்படிக் கத்தும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. மயக்க மருந்து உடல் வெப்பத்தைக் குறைத்துவிடும் என்பதால், மின்விசிறியை நிறுத்தி, கட்டிலில் ஏற்றாமல் தரையிலேயே சாக்கின் மேல் பருத்திப் போர்வை விரித்து, கழுத்து மடங்காதவாறு ஒருக்களித்துக் கிடத்தினோம். அவ்வப்போது உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தோம். அது வெளுத்தால் உள்ளே இரத்தம் கசிவதன் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நன்றாக எழுந்து நின்ற பிறகுதான் சிறிது தண்ணீரும், அதன்பின் குழைந்த தயிர்சோறு கொஞ்சமும் வைத்தோம்.

தையல் நீளமானதாக இருந்ததாலும், ஐப்பசி மழையில் ஈ மொய்த்ததாலும் அடுத்து வந்த நாட்களே அதிகச் சிரமமாக இருந்தன. நக்கினால் தையல் பிரியும்; ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு நிலைக்கதவில் இடித்ததைக் கண்டு அதைக் கழற்றச் சொன்னவர்கள் பலர், நாங்கள் கழற்றவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறு முக்காலியில் வைத்தவுடன் கூம்போடு குடிக்கப் பழகிவிட்டது. மருத்துவர் ஒப்புதலோடு அப்பாவின் பழைய பனியனை முதுகில் முடிச்சிட்டு அணிவித்து, ஈரமானபோதெல்லாம் மாற்றினோம். தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளோடு அத்தை வந்தார். மஞ்சள் பூசினால் தோல் சிவந்திருக்கிறதா, சீழ் வைக்கிறதா என்பதே தெரியாமல் போகும் என்று சொல்லித் தடுத்தோம். வலிக்கு மருத்துவர் எழுதிய மருந்தைத் தவிர, வீட்டில் நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் எதையும் கொடுக்கவில்லை. இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; பாராசிட்டமால் பூனையைக் கொன்றே விடும்.

பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் தையல் பிரிப்பார்கள். செவலைக்கும் அப்படியே பிரித்தார்கள். ஆய்வுக்கு அனுப்பிய திசுவின் முடிவு புற்று இல்லை என்று வந்தது. ஆயினும் மீதமுள்ள மடிகளில் புதிய கட்டி வரலாம் என்பதால், மாதம் ஒருமுறை அதை மல்லாக்கப் படுக்கவைத்து, அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை இரு வரிசையையும் விரல்நுனியால் அழுத்திப் பார்க்க அம்மாவுக்கு அங்கேயே செய்து காட்டினார்கள்.